இன்னும் முடிவெடுக்காத நார்பர்ட்

நான்கு வருடத்துக்கு ஒருமுறை எங்கள் விஸ்கான்சின் மாநிலத்தைப் பெண் பார்க்க வருவார்கள். பக்கத்து இல்லினாயை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அது யாருக்குக் கழுத்தை நீட்டும் என்பது தொட்டிலிலேயே முடிவான சம்பந்தம். எங்கள் மாநிலம் அப்படியா? ஒரு தேர்தலில் இருபதாயிரம் ஓட்டில் இந்தப் பக்கம் சாயும், அடுத்ததில் அதே இருபதாயிரத்தில் அந்தப் பக்கம். அதனால் ஜனாதிபதி நாற்காலிக்கு ஆசைப்படுகிறவர்கள் அத்தனை பேரும் வந்து, எங்கள் பாலாடைக்கட்டியை ஆகா ஓகோ என்று தின்று, எங்கள் மாட்டைத் தடவிக்கொடுத்துவிட்டுப் போவார்கள். மாடு ஒன்றும் சொல்லாது. அதற்கு ஓட்டில்லை.

நார்பர்ட் மசார்ட்டுக்கு ஓட்டு இருந்தது. வயது எழுபத்தொன்று. டோர் தீபகற்பத்தின் தெற்கே, ஏரியிலிருந்து எழும் பனிமூட்டம் முதலில் வந்து படுக்கிற வயல்களுக்கு நடுவில் வீடு, அக்கம்பக்கம் என்று சாலைக்கு எதிரே ஒன்றே ஒன்று. முப்பத்தெட்டு வருடம் பால் லாரி ஓட்டியவர். மனைவி இலெய்ன் போய் ஆறு வருடம் ஆகிறது, பிள்ளை குட்டி இல்லை. சாதாரண வருடங்களில் அவர் வீட்டுக் கதவைத் தட்டுவது காற்று மட்டும்தான். தேர்தல் வருடத்தில்தான் மனிதர்கள் தட்டுவார்கள்.

அதன் சூட்சுமத்தை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவன் இலெய்னின் தம்பி ஹார்லன். ஒரு காலத்தில் ஏதோ ஒரு கட்சிக்காக வீடு வீடாகப் போனவன், பிறகு சலித்துப்போய் மீன்பிடிக்கப் போய்விட்டான்.

"அவங்க கையில ஒரு பட்டியல் இருக்கும் மச்சான். ஒவ்வொரு பேருக்கும் ஒரு நம்பர் போடுவாங்க. ஒன்னுன்னா நம்மாளு. அஞ்சுன்னா எதிராளி. ரெண்டுல எது ஆனாலும் அப்புறம் உன் வீட்டுப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டாங்க. மூணுன்னா இன்னும் முடிவெடுக்காத ஆளு. மூணுதான் ராஜா! மூணு வீட்டுக்குத்தான் திரும்பத் திரும்ப வருவாங்க."

"முடிவெடுக்காம இருக்கிறதுக்கு இவ்வளவு மரியாதையா?"

"என் பொண்டாட்டி மட்டும் அப்படி நினைக்க மாட்டேங்கிறா," என்றான் ஹார்லன்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு வியாழக்கிழமை, மாலை நான்கு மணிக்கு, கொரின் டெல்வோ வந்து தட்டினாள். அறுபத்தாறு வயது. பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தொன்பது வருடம் பிள்ளைகளுக்குச் சோறு போட்டு ஓய்வு பெற்றவள். கையில் அட்டை, அட்டையில் பட்டியல், சட்டையில் ஆளுநரின் பெயர் போட்ட பேட்ஜ். அந்த வருடம் ஜனாதிபதிப் போட்டி ஓர் ஆளுநருக்கும் ஒரு செனட்டருக்கும். கொரின் ஆளுநர் பக்கம்.

நார்பர்ட்டுக்கு அடுப்பில் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. 'முடிவு பண்ணியாச்சும்மா' என்று சொல்லி அனுப்பிவிடத்தான் வாயைத் திறந்தார். கொரின் அவரைப் பார்க்காமல் அவர் தோளுக்குப் பின்னால் மூக்கை நீட்டினாள்.

"அடி பிடிக்குது."

"என்னது?"

"உங்க சூப்புங்க. நானூறு பிள்ளைங்களுக்குச் சமைச்ச மூக்கு இது, பொய் சொல்லாது. போய் இறக்கிட்டு வாங்க, நான் எங்கயும் போகமாட்டேன்."

அவர் போய் இறக்கிவிட்டு வந்தபோது அவள் படிக்கட்டில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக் கால் கட்டை விரலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். பின்னால் வெட்டாத மக்காச்சோளம் ஆள் உயரத்துக்கு பச்சையாக நின்றது. அவள் அங்கே உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் நார்பர்ட்டுக்கு மனசுக்குள் ஏதோ ஒன்று மெதுவாக இடம் மாறி உட்கார்ந்தது. ஆறு வருடத்தில் அந்தப் படியில் யாரும் உட்கார்ந்ததில்லை.

"யாருக்குப் போடுறதா இருக்கீங்க?" என்று கேட்டாள்.

"இன்னும் முடிவு பண்ணல," என்றார் நார்பர்ட். அன்றைக்கு அது உண்மையும்கூட.

அவள் பட்டியலில் ஒரு எண்ணை எழுதினாள். தலைகீழாகப் பார்த்தாலும் மூன்று என்று தெரிந்தது. அவர் சந்தோஷப்பட்டார்.

பிறகு ஒவ்வொரு வியாழனும் வந்தாள். எதிர்த் தரப்பிலிருந்தும் ஆள் வந்தது: செனட்டருக்காக இல்லினாயிலிருந்து வார இறுதிகளில் கார் ஓட்டிக்கொண்டு வந்த ஒரு பல் டாக்டர், பிரெண்ட் என்று பெயர். கோடையில் எங்கள் ஏரியும் வேண்டும், குளிர்காலத்தில் எங்கள் பனியும் வேண்டும், இப்போது ஓட்டும் வேண்டும் இந்த இல்லினாய்க்காரர்களுக்கு. ஆனால் மனிதர் நல்லவர். பேசும்போதெல்லாம் நார்பர்ட்டின் பல்லையே பார்ப்பார்.

கொரின் வந்தால் கால் மணி நேரத்தில் போய்விடக்கூடாதே என்று நார்பர்ட் சந்தேகங்களைத் தயார் செய்ய ஆரம்பித்தார். முதல் வாரம் கிணற்றுத் தண்ணீரில் உரம் கலப்பது பற்றி. அடுத்த வாரம் மருந்து விலை. அதற்கடுத்த வாரம் கனடா எல்லை வரி. சந்தேகம் கேட்க வேண்டுமானால் விஷயம் தெரிய வேண்டும், ஆகவே இரு வேட்பாளர்களின் அறிக்கைகளையும் நூலகத்தில் அச்செடுத்துக் கண்ணாடி போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தார். காதல் மனிதனைக் கவிதை எழுத வைக்கும் என்பார்கள். நார்பர்ட்டை அது விவசாய மானியத்தின் அடிக்குறிப்புகளைப் படிக்க வைத்தது. அந்தத் தீபகற்பத்திலேயே இரண்டு கொள்கைகளையும் முழுசாகப் படித்த ஒரே மனிதர் அவர்தான் என்று நான் சத்தியம் செய்வேன். வேட்பாளர்களே படித்திருப்பார்களா என்பது சந்தேகம்.

செப்டம்பர் கடைசியில் இரு வேட்பாளர்களும் நேருக்கு நேர் நின்று பேசும் விவாதம் வந்தது. தேவாலயத்தின் நிலவறைக் கூடத்தில் சுவரில் படம் போட்டுக் காட்டினார்கள். கொரின் அவரை அழைத்திருந்தாள். பெரிய அண்டாவில் கோழிக் குழம்பு, நாங்கள் பூயா என்போம், காலையிலிருந்து கொதித்து ஆவி கூரையில் முட்டிக்கொண்டிருந்தது. சுவர் செங்கல் சுவர். ஆளுநரின் முகத்தின் குறுக்கே சுண்ணாம்புக் கோடுகள் ஓடின, செனட்டரின் நெற்றி மூன்று செங்கல்லாகப் பிரிந்திருந்தது. ஒலி வேறு உதட்டை விட்டு அரை நொடி பின்னால் வந்தது. ஆவிக்குள் அவர்கள் இருவரும் தண்ணீருக்கு அடியில் நின்று பேசுவது போலிருந்தது.

நார்பர்ட்டின் பக்கத்து நாற்காலியில் கொரின். ஆளுநர் பேசும்போதெல்லாம் அவள் உதடு கூடவே அசைந்தது, மேடையில் ஒப்பிக்கும் பிள்ளைக்குக் கீழேயிருந்து தாய் எடுத்துக்கொடுப்பது போல. அவர் சுவரைப் பார்க்கவில்லை, அந்த உதட்டைத்தான் பார்த்தார். மருந்து விலைக்கு உச்சவரம்பு என்று உதடு சொன்னது. இரண்டு நிமிடம் முடிந்து மணி அடித்தது. மறுப்புக்கு ஒரு நிமிடம். மறுபடி மணி. அரைத் தூக்கத்தில் அது அவருக்குத் தொலைதூரத்துத் தேவாலய மணியாகக் கேட்டது. இந்த விவாதம் முடியாமல் நவம்பர் வரை, பனி விழுந்து ஏரி உறையும் வரை ஓடட்டும் என்று நினைத்தார்.

அப்போதுதான் செனட்டர் சொன்னார்: "இந்த மாநிலத்தில் ஒருவர் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து இருட்டில் பால் எடுக்கப் போகிறார். அந்தப் பாலுக்கு விலை வைப்பவர்கள் அந்த மாட்டைப் பார்த்ததில்லை. அந்த விலைக் கணக்கை நான் மாற்றுவேன்."

நார்பர்ட் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அவர் முதன்முதலில் லாரி எடுத்தபோது வழியில் முப்பத்தொரு பண்ணைகள். இருட்டில் ஒவ்வொரு முற்றத்திலும் ஒரு விளக்கு எரியும், ஒரு நாய் குரைக்கும், யாராவது ஒருவர் தொப்பியைத் தொட்டுத் தலையசைப்பார். ஒவ்வொன்றாக விளக்குகள் அணைந்தன. சில வீட்டில் மாட்டை ஏலம் விட்ட மறுநாளும் அந்த மனிதர் பழக்கத்தில் மூன்று மணிக்கு எழுந்து முற்றத்தில் வந்து நிற்பார், நார்பர்ட் லாரியை நிறுத்தாமல் கையை மட்டும் உயர்த்திக்காட்டிவிட்டுப் போவார். அவர் ஓய்வு பெற்றபோது மிஞ்சியது நான்கு விளக்கு. இந்த விஷயத்தை இத்தனை வருடத்தில் சுவரிலோ டிவியிலோ ஒருவரும் சொல்லி அவர் கேட்டதில்லை. கண் கலங்கிவிட்டது. குழம்பு ஆவி என்று துடைத்துக்கொண்டார்.

வெளியே கார்கள் நிற்குமிடத்தில் கொரின் கேட்டாள்: "என்ன நார்பர்ட், மனசு கொஞ்சமாவது நம்ம பக்கம் சாஞ்சுதா?"

"ரெண்டு பேரும் நல்லாத்தான் பேசினாங்க."

"ஐயோ, எங்க சமையல்கட்டுல ஒரு பையன் இருந்தான். பட்டாணியா கேரட்டான்னு கேட்டா மணி அடிக்கிற வரைக்கும் தட்டோட நிப்பான். நீங்க அவனேதான்!" என்று சிரித்துக்கொண்டே காரில் ஏறினாள். அந்தக் காரின் பின்விளக்கு பனிமூட்டத்துக்குள் சிவப்பாக நனைந்து மறைகிற வரை அவர் பார்த்துக்கொண்டு நின்றார். முதல்முறையாக அவளிடம் பொய் சொல்லியிருந்தார்.

இடுப்பில் அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து அவருக்கு ஓட்டுச்சீட்டு தபாலில் வரும். நிரப்பி உறையில் போட்டு ஒட்டி, சாட்சியாக ஒருவர் உறைமேல் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும். அக்டோபர் பத்தாம் தேதி ஹார்லன் வந்தான். நார்பர்ட் அவனை எதிரே உட்கார வைத்துச் சீட்டை மறைத்துக்கொண்டு நிரப்பினார். அந்த நான்கு விளக்குக்காகச் செனட்டருக்குப் போட்டார். உறையை ஒட்டி ஹார்லன் பக்கம் தள்ளினார்.

"உங்க கல்யாணத்துக்கும் நான்தான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்," என்றான் ஹார்லன், பேனாவைத் தேடிக்கொண்டே. "அதுவாவது எல்லாருக்கும் தெரிஞ்சு நடந்துச்சு. ஆமா, அந்த டெல்வோ அம்மாகிட்ட சொல்லப்போறியா, இனிமே வரவேண்டாம்னு?"

"ஓட்டு ரகசியம்டா."

"யாருக்குப் போட்டேங்கிறது ரகசியம் மச்சான்."

"அது ரகசியம்னா, போட்டேங்கிறதும் ரகசியம்தானே?"

ஹார்லன் கொஞ்சம் யோசித்தான். "அப்படித்தான் இருக்கும்," என்று கையெழுத்தைப் போட்டான்.

இரண்டு பேருமே எங்கள் ஊர்க்காரர்கள். பிறந்ததிலிருந்து ஓட்டு ரகசியம், ஓட்டு ரகசியம் என்று கேட்டே வளர்ந்தவர்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தபாலில் போட்ட நாலைந்து நாளில் ஒரு விசித்திரம் நடந்தது. வீட்டைச் சுற்றி மெல்ல மெல்ல அமைதி இறங்கியது. நாளுக்குப் பத்து முறை அடித்த போன் இரண்டு முறை அடித்தது, பிறகு அதுவும் நின்றது. தபால் பெட்டியை அடைத்துக்கொண்டிருந்த வேட்பாளர்களின் வழவழப்பான முகங்கள் வருவது நின்று, மின்சார பில்லும் விதைக் கம்பெனி விளம்பரமும் மட்டும் கிடந்தன. பல் டாக்டரும் வரவில்லை. உலகமே ஒருநாள் காலையில் அவரை மறந்துவிட்டுக் கிளம்பிப்போனது போலிருந்தது.

"உன்னைக் கை கழுவிட்டாங்க மச்சான்," என்றான் ஹார்லன். "மூணு மூணுன்னு எத்தனை நாள்தான் பொறுப்பாங்க?"

அந்த வியாழன் மதியத்திலிருந்தே நார்பர்ட் ஜன்னலருகே நின்றார். கொரினும் கைகழுவிவிட்டிருந்தால்? மூன்றே முக்கால் ஆனது. பனிமூட்டம் வயலைத் தாண்டி வேலி வரை வந்திருந்தது. நான்கு மணிக்குப் பனிக்குள்ளிருந்து கார் விளக்கு இரண்டும் மிதந்து வந்தன. அவர் இடுப்பையும் மறந்து ஓடிப்போய்க் காபிக்குத் தண்ணீர் வைத்தார்.

அதற்குப் பிறகு வந்த வியாழக்கிழமைகள் எப்படிப் போயின என்று அவராலேயே சரியாகச் சொல்ல முடியாது. அவர் கிணற்றுத் தண்ணீர் பற்றி ஒரு சந்தேகம் கேட்பார். கொரின் பதில் சொல்ல ஆரம்பிப்பாள். பதில் கிணற்றிலிருந்து ஏரிக்குப் போகும், ஏரியிலிருந்து அவள் பன்னிரண்டு வயதில் அக்காவுடன் நீந்திய ஓர் இரவுக்குப் போகும். காபி ஆறிவிடும். வெளியே வாத்துக் கூட்டங்கள் தெற்கே போகிற சத்தம் கூரைமேல் நெடுநேரம் கேட்கும். மாதக் கடைசி வியாழன் ஹாலோவீன், பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டு வரும் நாள். எந்தப் பிள்ளையும் வராத அந்தச் சாலையில் நார்பர்ட் கிண்ணம் நிறைய மிட்டாய் வைத்திருந்தார். கொரின் ஒவ்வொன்றாகப் பிரித்துத் தின்று முடித்துவிட்டு, "பிள்ளைங்க வந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள். அட்டையை மடியில் கவிழ்த்து வைத்திருந்தாள். அதைத் திருப்பி எதையும் எழுதவில்லை என்பது அவர் கண்ணில் படவில்லை.

அந்த அக்காவின் பெயர் ட்ரூடி. மருந்து விலை ஏறியபோது சர்க்கரை ஊசியின் அளவைப் பாதியாக்கி, வெளியே சொல்லாமல் போட்டுக்கொண்டாள். மூன்று வருடம் முன்பு ஒரு காலை எழுந்திருக்கவில்லை. கொரின் இதை ஹாலோவீனுக்கு முந்தைய வியாழன் சொன்னாள், அழாமல், ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே.

"அதனாலதான் முட்டி தேய நடக்கிறேன். அந்த ஆளுநர் பெரிய தியாகின்னெல்லாம் நான் நினைக்கல. அந்த ஒரு உச்சவரம்பு வந்தாப் போதும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம் நார்பர்ட்."

நார்பர்ட் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். உறை பதினான்கு நாள் முன்பே போய்விட்டது. போட்ட ஓட்டு வாய்விட்ட சொல் மாதிரி, திரும்பி வராது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். சொன்னால் அவள் எழுந்து போவாள், இனி வரமாட்டாள். சொல்லாவிட்டால் தேர்தல் வரையாவது வருவாள். அப்புறம் நான்கு வருடம் காற்றுதான் வந்து கதவைத் தட்டும்.

"இன்னும் யோசிச்சுட்டுத்தான் இருக்கேன்," என்றார்.

"யோசிங்க, யோசிங்க. அவசரமில்ல," என்றாள் கொரின்.

தேர்தலுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை பல் டாக்டரின் கார் வந்தது. நார்பர்ட் மரியாதைக்குத் தலையை வாரிக்கொண்டு வாசலுக்கு வந்தார். டாக்டர் பிரெண்ட் அவரைப் பார்த்துக் கையசைத்துவிட்டுச் சாலைக்கு எதிரே இருந்த வீட்டுக்குப் போனார். திரும்பிக் காரில் ஏறப்போனவரை நார்பர்ட் கூப்பிட்டார்.

"என்ன டாக்டர், என்னை விட்டுட்டீங்க? நான் இன்னும் முடிவு பண்ணாத ஆளாச்சே!"

டாக்டர் போனைப் பார்த்தார், பிறகு சங்கடமாகச் சிரித்தார். "நீங்கதான் ஓட்டுப் போட்டுட்டீங்களே சார்."

"அது எப்படி உங்களுக்குத் தெரியும்?"

"யாருக்குப் போட்டீங்கன்னு தெரியாதுங்க. ஆனா உறை ஆபீசுக்கு வந்து சேர்ந்துட்டா அது பொதுக் கணக்குல ஏறிடும். ரெண்டு கட்சிக்கும் தினமும் அந்தப் பட்டியல் வரும். வந்த அன்னைக்கே பேரை எடுத்துடுவோம், போட்டவங்க வீட்டுக்குப் போய் எதுக்கு நேரத்தை வீணாக்கணும்? உங்க பேரு..." விரலால் தள்ளிப் பார்த்தார். "அக்டோபர் பதினாலு."

"ரெண்டு கட்சிக்குமா?"

"ரெண்டு கட்சிக்கும்தான். ஏன் சார், உடம்பு சரியில்லையா? உட்காருங்க."

நார்பர்ட் படியிலேயே உட்கார்ந்தார். அக்டோபர் பதினான்கு. அதற்குப் பிறகு மூன்று வியாழக்கிழமைகள். மூன்று முறையும் அவர் முகத்தைத் தீவிரமாக வைத்துக்கொண்டு கிணற்றுத் தண்ணீர் பற்றிக் கேட்க, அவளும் தீவிரமாகப் பதில் சொல்லியிருக்கிறாள். முதலில் காது வரை சூடேறி வெட்கம் வந்தது. தனிக்கட்டைக் கிழவன் என்று பரிதாபப்பட்டுத்தான் வந்தாளோ என்று மனசு வலித்தது. பொழுது சாயும் நேரத்தில் வேறொரு எண்ணம் வந்தது. பட்டியலில் இல்லாத வீட்டுக்கு எந்தக் கட்சியும் ஆளை அனுப்பாது. அப்படியானால் அவளை அனுப்பியது யார்? அந்தக் கேள்வியை மடியில் வைத்துக்கொண்டு, விளக்குக்கூடப் போடாமல், வயல் கறுத்துப்போகிற வரை உட்கார்ந்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை தேர்தல். காலை எட்டரைக்கு யாரோ கதவை உடைப்பது போலத் தட்டினார்கள். கொரின்தான். நடந்து வந்திருந்தாள், முடியெல்லாம் பனித்துளி, மூச்சு வாங்கியது.

"கார் நின்னுபோச்சு, அரை மைல் பின்னாடி. முக்கினாலும் கிளம்ப மாட்டேங்குது. பதினோரு பேரை ஓட்டுப் போடக் கூட்டிட்டுப் போகணும் நார்பர்ட், எல்லாம் நடக்க முடியாதவங்க, ஓட்டத் தெரியாதவங்க. வேற எந்த வண்டியும் காலியில்ல. உங்க பிக்கப் வண்டி ஓடுமா?"

ஆம் என்று சொல்லிச் சாவியை எடுத்திருந்தால் கதை சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் அந்தப் பொய்யோடு அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்ட அவருக்கு மனம் ஒப்பவில்லை.

"நான் ஓட்டுப் போட்டுட்டேன் கொரின்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா வந்தீங்க?"

"அக்டோபர் பதினாலு உங்க பேரு பட்டியல்ல காணோம். சரி, இனி அந்த வீடு இல்லன்னு நினைச்சுக்கிட்டேன். வியாழக்கிழமை வேற தெருவுக்குத்தான் கிளம்பினேன். உங்க திருப்பத்துக்கு வந்ததும் வண்டியைத் திருப்பிட்டேன். வீணான நேரம்னு மேலிடத்துல திட்டுவாங்கன்னு யார்கிட்டயும் சொல்லல." ஈரக் கையை மேல்சட்டையில் துடைத்துக்கொண்டாள். "நீங்களும்தான் சொல்லல. சரி, சாவி எங்க?"

"இன்னொன்னும் இருக்கு. உங்க ஆளுக்குப் போடல."

சாவிக்காக நீட்டியிருந்த கையை அவள் மடக்கிக்கொண்டாள். பனி வாசல்வரை வந்து நின்றிருந்தது. எங்கோ தூரத்தில் ஒரு டிராக்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"ட்ரூடி கதையைச் சொன்னேனே," என்றாள் மெதுவாக.

"அதுக்கு முன்னாடியே போட்டுட்டேன்."

"முன்னாடி சொல்லியிருந்தா?"

"தெரியல. என் வழியில முப்பத்தொரு பண்ணை இருந்துச்சு, அதுல இருபத்தேழு போயிடுச்சு. ஒருத்தராவது அதைப் பத்திப் பேசுறாங்களேன்னு போட்டேன். முன்னாடி சொல்லியிருந்தா மாத்தியிருப்பேன்னு உங்ககிட்டப் பொய் சொல்ல எனக்கு வரல."

கொரினின் கண் சிவந்தது. கோபம்தான், சந்தேகமே இல்லை. திரும்பிப் படியிறங்கி, அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு பனிக்குள் நடந்தாள். நொண்டி நொண்டி நடந்தாள். பதினோரு வீட்டையும் நடந்தே முடிக்கப்போகிறவள் போல.

நார்பர்ட் தொப்பியைத் தேடவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, பிக்கப்பைக் கிளப்பி அவள் பக்கத்தில் கொண்டுபோய் மெல்ல உருட்டினார். கண்ணாடியை இறக்கினார்.

"ஏறுங்க."

"பதினோரு பேரும் எங்க பக்கம்," என்றாள் அவள், நிற்காமல்.

"தெரியும்."

"ஒருத்தர் பாக்கியில்லாம உங்க செனட்டருக்கு எதிராப் போடுவாங்க."

"தெரியும்ங்கிறேன்ல."

"உங்க ஓட்டை நீங்களே பதினோரு தடவை அழிக்கப்போறீங்க. பைத்தியமா உங்களுக்கு?"

"எனக்கு ஒரு ஓட்டு. அதை யாருக்காகவும் மாத்தல, போட்டாச்சு," என்றார் நார்பர்ட். "மீதி நாள் என்னோடது. அதை நான் யாருக்கு வேணும்னாலும் குடுப்பேன்."

கொரின் நின்றாள். பிறகு கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து, பட்டியலின் முதல் பெயரைச் சத்தமாகப் படித்தாள்.

நாள் முழுக்க ஓட்டினார்கள். பனி விலகவே இல்லை. வீடுகள் பனிக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக எழுந்து வந்தன, ஒவ்வொரு வாசலிலும் ஒருவர் மேல்சட்டையோடு காத்திருந்தார். நடைவண்டியோடு ஒரு முதியவர், கைக்குழந்தையோடு ஒரு பெண், கண் தெரியாத இரட்டைச் சகோதரிகள். பின்சீட்டில் ஏறிய முதியவர் நார்பர்ட்டின் தோளில் தட்டி, "நம்ம ஆளுநர் ஜெயிச்சுடுவாருல்ல தம்பி?" என்றார். நார்பர்ட் கியரை மாற்றிக்கொண்டு, "ரொம்பப் பேர் அப்படித்தான் சொல்றாங்க ஐயா," என்றார். கொரின் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், ஆனால் அவள் தோள் குலுங்கியது.

பதினோராவது ஆளான இன்னொரு முதியவரை ஊராட்சிக் கூடத்தின் வாசலில் இறக்கிவிட்டபோது மாலை ஐந்தரை. அவர் உள்ளே போய்விட்டார். வண்டிக்குள் இருவர் மட்டும். முன்கண்ணாடியில் பனி நீராக வழிந்தது, கூடத்தின் விளக்குகள் அதில் கரைந்து ஓடின. கொரின் கடைசிப் பெயரை அடித்துவிட்டு அட்டையைக் காலடியில் போட்டாள்.

"எனக்கு இன்னும் கோபம் போகல."

"சரி."

"ஒரே ஒரு ஓட்டுல நாங்க தோத்தோம்னு வைங்க, நாளைக்கே உங்க வீட்டுக்கு வந்து கத்துவேன். பக்கத்து ஊருக்குக் கேட்கும்."

நார்பர்ட் இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வைத்திருந்தார். கேட்கலாமா என்று யோசித்தார். கேட்டுவிட்டார்.

"ஜெயிச்சா?"

கூடத்துக் கதவு திறந்து முதியவர் வெளியே வந்தார், சட்டையில் ஓட்டுப் போட்டதற்கான ஸ்டிக்கர். கொரின் அவருக்குக் கதவைத் திறந்துவிட இறங்கினாள். இறங்கியவள் குனிந்து வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ஜெயிச்சாலும் வருவேன்," என்றாள்.